நில்கலைச் சவன்னாவில் எரிந்த இடம், எரியாத இடம்: 30 குவாட்ரட் போதுமா?

நிலப்பனை எழுதியது:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கொழும்பில் சுற்றாடல் விஞ்ஞானம் இறுதியாண்டு. ஆய்வுக்கு எடுத்திருப்பது பிபிலைக்கு அங்கால் நில்கலைப் பக்கத்துத் தலாவை. கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் எட்ட எட்ட நிற்க, கீழே மானாப்புல் மண்டிய சவன்னா. கேள்வி சின்னதுதான்: நெருப்புப் பட்ட இடத்தில் புல்லடுக்கின் இனப்பல்வகைமை கூடுமா, குறையுமா?

திட்டம் இது. போன வருடம் எரிந்த ஒரு துண்டு, எரியாத ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் 1 மீ × 1 மீ குவாட்ரட் (தரையில் வைத்து எண்ணும் சதுரச் சட்டம்) 30. இனங்களை எண்ணி, ஷனொன் சுட்டி (இனப்பல்வகைமையை ஒரே எண்ணாகச் சொல்லும் அளவு) கணித்து, இரண்டின் சராசரியையும் டி-சோதனையில் ஒப்பிடுவது. நாங்கள் மூன்று பேர். நான்கு நாள் பயணம் இரண்டு. முதலாவது செப்டெம்பரில்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். ஒன்று, 30 போதுமா? மற்றது, மகேஷ் சங்கரன் குழுவினர் 2005இல் ஆபிரிக்கச் சவன்னாக்களில் 854 இடங்களை வைத்துச் செய்த ஆய்வில், ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ.க்குக் கீழே என்றால் மர மூடுகையின் உச்சத்தை மழையே தீர்மானிக்கிறது என்று வருகிறது. நில்கலையில் மழை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியென்றால் இது சவன்னாவே இல்லை, வெட்டி எரித்துக் கெட்டுப்போன காடுதான் என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்டால் என்ன சொல்வது?

---

கள_அளவி எழுதியது:

30 போதும், 300 போட்டாலும் போதாது. இரண்டும் உண்மை. சிக்கல் குவாட்ரட் எண்ணிக்கையில் இல்லை. ஒரே எரிந்த துண்டுக்குள் 30 சட்டம் வைத்தால் அந்தத் துண்டை நன்றாக அளந்திருப்பீர்கள், அவ்வளவுதான். நெருப்பின் விளைவு என்று பார்த்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 1. அந்தத் துண்டு சரிவில் கீழே இருந்ததா, மண் ஆழமா, மாடு கூட மேய்ந்ததா, எல்லாம் நெருப்போடு கலந்து போகும். இதைப் போலி மீள்செய்கை என்பார்கள். சூழலியலாளர் ஹெர்ல்பெர்ட் 1984இலேயே விலாவாரியாக எழுதிவிட்டார், இன்றைக்கும் இறுதியாண்டு ஆய்வுகள் அதிகம் விழும் குழி இதுதான்.

மாற்று வழி, அதே எட்டு நாளில்: எரிந்த துண்டு 6, எரியாத துண்டு 6. எரிந்த ஒவ்வொன்றுக்கும் சரிவு, மண், பாதையிலிருந்து தூரம் ஒத்த எரியாத துண்டை இணையாக எடுங்கள். ஆறு எரிந்த துண்டும் ஒரே நெருப்பில் எரிந்தவையாக இருக்கக் கூடாது. இடையில் ஓடையோ, பாறை மேடோ, எரியாத பட்டையோ வர வேண்டும். துண்டுக்கு ஒரு 50 மீ நாடா, அதில் 5, 15, 25, 35, 45 மீட்டரில் ஒரு சதுர மீட்டர்ச் சட்டம், ஆக 5. அதே நாடாவில் 50 செ.மீ.க்கு ஒன்றாக 100 புள்ளிகளில் கம்பியைச் செங்குத்தாக இறக்கி, எது தொடுகிறது என்று குறியுங்கள்: எந்தப் புல், எந்தப் பூண்டு, சருகா, வெறும் மண்ணா, கல்லா. மூன்று பேர் என்றால் நாளுக்கு இரண்டு துண்டு முடியும். ஆறு நாளில் 12. மிச்ச இரண்டு நாள் மழைக்கும் யானைக்கும். பகுப்பாய்வில் ஐந்து சட்டங்களையும் சேர்த்துத் துண்டுக்கு ஒரு மதிப்பு, பிறகு சோடிகளுக்கிடையில் ஒப்பீடு. 60 சட்டத்தையும் 60 சுயாதீன மாதிரி என்று மென்பொருளில் போட்டுவிடாதீர்கள், அது மறுக்காமல் விடை தரும்.

சரிவில் நாடா போட்டால் திருத்தம் வேண்டும். 20 பாகைச் சரிவில் 50 மீ நாடா, வரைபடத்தில் 47 மீட்டர்தான்.

இன்னொன்று. "எரியாத துண்டு" என்று ஒன்று அங்கே கிடைப்பது அபூர்வம். போன வருடம் எரியாதது மூன்று வருடத்துக்கு முன் எரிந்திருக்கும். ஆகவே எரிந்தது, எரியாதது என்று இரண்டாகப் பிரிப்பதை விட, கடைசியாக எரிந்து எத்தனை வருடம், 2017இலிருந்து எத்தனை தடவை எரிந்தது என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு துண்டுக்கும் எடுங்கள். செண்டினல்-2 செய்மதிப் படங்கள் இலவசம். 2017இல் இரண்டாவது செய்மதி சேர்ந்த பிறகு ஐந்து நாளுக்கு ஒரு படம். 8ஆம், 12ஆம் பட்டைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எரிசுட்டி வரும். நெருப்புக்கு முந்திய படத்தின் சுட்டியிலிருந்து பிந்திய படத்தின் சுட்டியைக் கழியுங்கள். ஜூன் தொடக்கம் ஒக்டோபர் வரையான படங்களை மட்டும் பாருங்கள். மழை விழுந்து சில வாரங்களில் புல் துளிர்த்துத் தழும்பு மறைந்துவிடும். 500 மீ படக்கூறுள்ள எரிநில வரைபடங்களை நம்பி இறங்க வேண்டாம், இங்குள்ள சின்னச் சின்ன நெருப்புகள் அதில் விழுவதில்லை.

---

பத்தனை_மேடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

650 என்ற எண்ணைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். அந்த ஆய்வு சொல்வது இது: அதற்குக் கீழே மழை போதாமையே மரங்களை அடர விடாமல் தடுக்கும், நெருப்பும் மேய்ச்சலும் இன்னும் குறைக்கும். அதற்கு மேலே மரங்கள் கூரையை மூடும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. அப்படியிருந்தும் மூடாமல் நின்றால் அதை வேறெதுவோ தடுக்கிறது, பெரும்பாலும் நெருப்பும் பெரிய மேய்ச்சல் விலங்குகளும். இரண்டாவது வகையிலும் சவன்னா சவன்னாதான். ஆக நில்கலைக்கு அந்த எண் எதிர்ச்சாட்சி இல்லை, உங்கள் ஆய்வுக்கான காரணமே அதுதான்: இங்கே மழையை அளந்து விடை வராது, நெருப்பை அளக்க வேண்டும்.

கெட்டுப்போன காடா, சவன்னாவா என்பதை மர எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. இரண்டுமே ஐதான மரங்களோடுதான் தெரியும். புல்லடுக்கைப் பாருங்கள். சவன்னாவில் வெயில் விரும்பும் சீ4 புற்கள் (வெப்பத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ற ஒளித்தொகுப்பு முறை உள்ளவை) தொடர்ச்சியாக நிற்கும்: மானாப்புல், இலுக்கு, தெமெடா. வெட்டிய காட்டில் புல் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், இடையில் கொடியும் முட்பற்றையும் லந்தானாவும் ஏறும். பிறகு பூண்டுகளைக் கிளறுங்கள். மண்ணுக்குள் கிழங்கோ தடித்த வேரோ வைத்து, எரிந்த பிறகு அடியிலிருந்து எழும்பும் இனங்கள் (உங்கள் பெயரில் உள்ள நிலப்பனையே நல்ல உதாரணம்) எத்தனை என்று பாருங்கள். மூன்றாவது, மரப்பட்டை. கஹட்ட, கடுக்காய், வேங்கை போன்றவற்றின் பட்டைத் தடிப்பை மார்பு மட்டத்தில், 1.3 மீ உயரத்தில், அளந்து பக்கத்து ஆற்றோரக் காட்டு மரங்களின் அதே பருமனுள்ள தண்டுகளோடு ஒப்பிடுங்கள். இந்த மூன்றையும் மேசையில் வைத்தால் வாய்மொழிப் பரீட்சையில் பதில் இருக்கும்.

இதற்கு மேல் போக வசதி இருந்தால் மண். சீ4 புல்லின் காபன்-13 விகிதம் (பாரமான காபன் சமதானி, ஒரு நியமத்தை விட எவ்வளவு கூட, குறைய என்பது) ஆயிரத்தில் சுமார் -10 முதல் -15. மரங்களுடையது பெரும்பாலும் -24க்குக் கீழே. ஒரு குழி வெட்டி 10 செ.மீ.க்கு ஒன்றாக 1 மீ ஆழம் வரை மண் எடுத்து, வேர்களைப் பொறுக்கி, 2 மி.மீ. அரிதட்டில் அரித்துச் சமதானி விகிதம் பார்த்தால், அங்கே நெடுங்காலமாகப் புல் நின்றதா, காட்டின் மேல் புல் அண்மையில் வந்ததா என்று தெரியும். கவனம்: சேதனப் பொருள் உக்குவதாலேயே ஆழத்தில் எண் ஆயிரத்தில் 1 முதல் 3 வரை கூடும். அந்த அளவு மாற்றத்தைப் "பழைய புல்வெளி" என்று எழுதினால் முதல் பந்திலேயே ஆட்டமிழப்பீர்கள்.

ஒரு பக்கக் கதை. இலங்கைப் புல்நிலங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பிறப்புச் சான்றிதழ் எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது, பாடப்புத்தகம் உட்பட. ஹோட்டன் சமவெளியின் ஈரப் பத்தனை (மலைநாட்டுப் புல்வெளி) 2,100 மீட்டருக்கு மேலே, பனியும் நீர் தேங்கும் மண்ணும் உள்ள இடம். அங்குள்ள முற்றாநிலக்கரிப் படிவுகளில் மகரந்தச் சான்று ஏறத்தாழ 24,000 வருடம் பின்னோக்கிப் போகிறது, பழைய வறண்ட காலத்திலும் அங்கே புல் இருந்திருக்கிறது. வெலிமடை, பண்டாரவளைப் பக்க உலர் பத்தனை வேறு. நில்கலைத் தலாவை வேறு. வில்பத்தில் குளங்களைச் சுற்றியுள்ள வில்லுப் புல்வெளி வேறு. ஒன்றின் சான்றை மற்றதற்கு ஒட்டாதீர்கள்.

---

வெள்ளவத்தை_வாசி எழுதியது:

செப்டெம்பர் வேண்டாம். அங்கே மழை வடகீழ்ப் பருவத்தோடுதான். செப்டெம்பரில் புல் காய்ந்து, பூங்கொத்து உதிர்ந்து, பாதி கருகி நிற்கும். பூ இல்லாமல் புல்லை இனம் வரை கொண்டுபோக முடியாது, "புல் இனம் 1, புல் இனம் 2" என்று அறிக்கை எழுதுவீர்கள். இனக் கணக்கெடுப்பை டிசெம்பர் கடைசிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வையுங்கள். செப்டெம்பர்ப் பயணத்தை எரிந்த எல்லைகளை ஜிபிஎஸ்ஸில் நடந்து குறிக்கவும் எரிபொருள் (எரியக்கூடிய புல், சருகு) எடை எடுக்கவும் பயன்படுத்துங்கள். அதற்கு அது நல்ல மாதம்.

---

நிலப்பனை எழுதியது:

மிக்க நன்றி. தலையே மாறிப் போச்சு, ஆனால் நல்லதுக்குத்தான். பயணங்களை மாற்றிவிட்டேன். ஆறு சோடி என்றால் இனக் கணக்குக்கே ஜனவரிப் பயணம் எட்டு நாளாக வேண்டும், அதையும் கேட்டுப் பார்க்கிறேன்.

எரிபொருள் எடை எப்படி எடுப்பது? வட்டத்தகட்டு மானி என்று ஒன்றை வாசித்தேன், செய்துவிடலாமா? குவாட்ரட் சட்டம் எங்கே வாங்குவது?

---

கள_அளவி எழுதியது:

சட்டம் வாங்கும் பொருள் இல்லை, செய்யும் பொருள். பழைய சோனகத் தெருவில் அரை அங்குலப் பீவீசி குழாயும் நாலு எல்போவும் வாங்குங்கள். உள்ளளவு சரியாக 1 மீ வர வெட்ட வேண்டும், எல்போவுக்குள் போகும் நீளத்தையும் சேர்த்து. மூன்று மூலையை மட்டும் பசை போட்டு ஒட்டி, நான்காவதைத் திறந்து வையுங்கள். ஆள் உயர மானாப் புதரின் மேல் மூடிய சட்டத்தை இறக்க முடியாது, திறந்த பக்கத்தால் அடியில் செருகித்தான் பூட்ட வேண்டும். புல்லை மிதித்துக்கொண்டு போகாதீர்கள், நாடாவின் ஒரு பக்கத்தால் மட்டும் நடங்கள், அளப்பது மறுபக்கம்.

எரிபொருளுக்கு 50 செ.மீ. × 50 செ.மீ. சட்டம். நாடாவிலிருந்து 5 மீ தள்ளி, துண்டுக்கு நான்கு. தரையோடு அரிவாளால் அறுத்து, நிற்கும் புல், விழுந்த சருகு என இரண்டாகப் பிரித்து அங்கேயே ஈர எடை. அதில் 150 கிராம் அளவு உபமாதிரியைக் கடதாசிப் பையில் போட்டு, ஆய்வகத்தில் 70 பாகையில் 48 மணித்தியாலம், எடை மாறாமல் நிற்கும் வரை. பொலித்தீன் பை வேண்டாம். பஸ்ஸில் கொழும்பு வந்து சேரும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும், எடையும் குறைந்திருக்கும். கணக்கு: அந்தச் சட்டத்தில் உலர் எடை 100 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராம், ஹெக்டேயருக்கு 4,000 கிலோ.

வட்டத்தகட்டு மானி தென்னாபிரிக்காவில் நன்றாக வேலை செய்வது. விட்டம் 45.7 செ.மீ., எடை 1.5 கிலோ உள்ள அலுமினியத் தகட்டைக் கோலில் விட்டு, புல் எந்த உயரத்தில் அதைத் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். அவர்களுடைய சமன்பாட்டை இங்கே போட முடியாது. மானாப்புல்லின் தடித்த காம்புகள் தகட்டை மேலேயே பிடித்துவிடும், எடை இல்லாத இடத்தில் அதிக எடை காட்டும். இங்கேயே குறைந்தது 30 இடத்தில் தகட்டை வைத்து, அதனடியில் உள்ளதை அறுத்து நிறுத்துத் தனிச் சமன்பாடு எடுக்க வேண்டும். அவ்வளவு அறுக்கப் போகிறீர்கள் என்றால் மானியே தேவையில்லை. விடுங்கள்.

நாடாவின் இருபக்கமும் 5 மீ அகலத்தில் மரங்களையும் எடுங்கள். 1.3 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவற்றுக்கு விட்டம், கருகிய உயரம், எத்தனை தண்டு. அதற்குக் கீழானவற்றை எண்ணிக்கையும் உயரமும் மட்டும். ஏன் என்றால், அங்கே மரக்கன்று இல்லாமலில்லை. முழங்கால் உயரத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும், எரியும், அடியிலிருந்து திரும்ப முளைக்கும், திரும்ப எரியும். இரண்டு மூன்று வருடம் நெருப்புத் தவறினால்தான் சில தலை தப்பும். உயர வகுப்புகளைப் பட்டைவரைபடத்தில் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். நெருப்பு நிலத்தை என்ன செய்கிறது என்று அந்த ஒரு படமே சொல்லும்.

நாடாவின் ஒரு பக்கத்தில் 2 மீ அகலத்துக்குச் சாணமும் எண்ணுங்கள்: மாடு, மான், மரை, யானை தனித்தனியாக. எரிந்த இடத்தில் இளம் துளிருக்கு மேய்ச்சல் கூடும், அதை அளக்காவிட்டால் மேய்ச்சலின் வேலையை நெருப்பின் கணக்கில் எழுதுவீர்கள். தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954இல் தொடங்கிய எரிப்புப் பரிசோதனைத் துண்டுகளுக்கே இந்தக் குறை சொல்லப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 ஹெக்டேயர்தான், சுற்றிலும் காய்ந்த புல் நிற்க நடுவில் பச்சைத் துண்டு என்றால் விலங்கெல்லாம் அதில்தான் வந்து குவியும்.

---

உலர்தாவரம் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஷனொன் சுட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை முதன்மை விடையாக வைக்காதீர்கள். நெருப்பு இல்லாமல் விட்ட துண்டில் காட்டோரத்து இனங்கள் ஏறும், நிழல் விரும்பும் செடிகள் வரும், மொத்த எண்ணிக்கை கூடக் கூடும். அந்த நேரத்திலேயே வெயில் இல்லாமல் வாழத் தெரியாத புல்நில இனங்கள் ஒவ்வொன்றாக விழும். சுட்டி கூடிவிட்டது, ஆகவே நெருப்பைத் தடுப்பது நல்லது என்று எழுதினால் விடை பிழை. இனப்பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: திறந்த புல்நிலத்துக்கே உரியவை, எங்கும் வருபவை, காட்டோரத்தவையும் ஆக்கிரமிப்பு இனங்களும். மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். மொத்தத்துக்கு ஹில் எண்கள் (எல்லா இனமும், பொதுவான இனங்கள், மிகுந்த இனங்கள் என முறையே எண்ணும் பல்வகைமை அளவுகள்) மூன்றும், இன எண்ணிக்கையைச் சம மாதிரி முயற்சிக்கு இறக்கியும் காட்டுங்கள். ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஐநெக்ஸ்ட் தொகுப்பு இதைச் செய்யும். குவாட்ரட்டில் இருப்பு, இன்மைத் தரவு கொடுத்தாலும் போதும்.

கள_அளவியோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. 5 சட்டம் அரிய இனங்களுக்குக் குறைவு. நிலத்து ஓர்க்கிட், கிழங்குப் பூண்டு எல்லாம் சதுர மீட்டருக்குள் அகப்படாது. சட்டம் முடிந்ததும் 50 மீ × 10 மீ பட்டை முழுவதையும் ஒருவர் 20 நிமிடம், கடிகாரம் பார்த்து, நடந்து புதிய இனங்களை மட்டும் எழுதட்டும். எல்லாத் துண்டிலும் அதே ஆள், அதே 20 நிமிடம்.

புல் எடுக்கும்போது அறுக்காதீர்கள், வேரோடு பிடுங்குங்கள். அடிப்பகுதி, இலை உறையும் தாளும் சேருமிடத்திலுள்ள நாக்கு, பூங்கொத்து, மூன்றும் வேண்டும். நீளமென்றால் இசட் வடிவில் மடித்துக் கடதாசித் தாள்களுக்கிடையில் அழுத்தி, முதல் மூன்று நாள் தினமும் தாள் மாற்றுங்கள். மானாப்புல்லைக் கசக்கினால் சித்திரனெல்லா வாசம் வரும். இலுக்கின் நடுநரம்பு வெள்ளை, இலையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், வேர்த்தண்டு முனை ஊசி போல. வீதியோரம் தடித்து உயர்ந்த கினிப்புல் தெரிந்தால் இன்னும் 50 மீ உள்ளே போங்கள், அது ஓரத்தின் அடையாளம், தலாவையின் அடையாளம் இல்லை. திரும்பியதும் பேராதனையில் தேசிய உலர்தாவரகத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இலங்கைத் தாவரங்கள் பற்றிய திருத்திய கைந்நூலின் 8ஆம் தொகுதி, 1994இல் வந்தது, முழுக்கப் புற்களுக்குத்தான். கொழும்பில் இருக்கும்போதே அதன் திறவுகோலில் பழகிக்கொள்ளுங்கள். தலவத்துகொடைப் பக்கம் வெறும் காணிகளில் நிற்கும் இலுக்கும் கினிப்புல்லுமே பயிற்சிக்குப் போதும்.

---

வெள்ளவத்தை_வாசி எழுதியது:

அனுமதியை யாரும் சொல்லவில்லை. துண்டுகளை வரைபடத்தில் குறித்த உடனே, எது தேசிய பூங்காவுக்குள், எது ஒதுக்கக் காட்டுக்குள் என்று பாருங்கள். முதலாவதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், இரண்டாவதற்கு வனத் திணைக்களம். இரண்டும் பத்தரமுல்லையில்தான், ஆனால் விண்ணப்பம் வேறு வேறு. செடி எடுப்பதற்குத் தனியாகக் கேளுங்கள், நுழைவு அனுமதியில் அது அடங்காது. மண்ணையோ செடியையோ நாட்டுக்கு வெளியே ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால் அதையும் இப்போதே விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஜனவரிப் பயணத்துக்கு இன்றைக்கே தொடங்கினாலும் சீக்கிரம் என்று சொல்ல மாட்டேன்.

"பரிசோதனைக்காகச் சின்னதாகக் கொளுத்திப் பார்ப்போம்" என்ற எண்ணம் குழுவில் யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குற்றம். அதுவும் ஹெக்டேயருக்கு நாலாயிரம் கிலோ காய்ந்த மானாப்புல் நிற்கும் சரிவில் நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது.

மானாப்புல் ஆளை மறைக்கும் உயரம், யானையையும் பத்து அடிக்கு அங்கால் தெரியாது. திணைக்கள உத்தியோகத்தர் இல்லாமல் இறங்க வேண்டாம். வேலை காலை ஏழுக்குத் தொடங்கி நாலு மணிக்கு முன் முடிய வேண்டும். உண்ணி நிறைய: வெளிர் நிறக் காற்சட்டை, கால்மேசுக்குள் செருகி, மாலையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தோலில் சிவந்த புள்ளிகளோ வந்தால் டெங்கு என்று மட்டும் நினைத்திருக்காமல், உண்ணி உள்ள புல்காட்டில் நின்றதை டொக்டரிடம் முதலே சொல்லுங்கள்.

---

நிலப்பனை எழுதியது:

பத்தரமுல்லைக்கு நாளைக்கே போகிறேன். செய்மதிப் படத்தில் இதுவரை தேறியது எரிந்த துண்டு ஒன்பது, அதில் நான்கு ஒரே நெருப்பு போலத் தெரிகிறது. அந்த நான்கையும் ஒன்றாக எண்ணினால் சரியாக ஆறு.